உறை ஒட்டாமல் வந்த புத்தகங்கள்

அச்சிட்ட நூலுக்கு அஞ்சல் துறைகள் குறைந்த கட்டணம் வைத்தது ஏன், அதற்கு என்னென்ன நிபந்தனைகள், இன்று நமக்கு எஞ்சியிருக்கும் வழிகள் எவை என்பது பற்றி ஒரு பார்வை.

சென்ற மாதம் ஈசூனில் உள்ள எங்கள் வீவக வீட்டில் அம்மாவின் அலமாரியை ஒழுங்குபடுத்தினோம். சேலைகளுக்கு அடியில் மடித்து வைத்த பழுப்புத் தாள்கள் ஒரு கட்டு கிடைத்தது. ஒவ்வொரு தாளிலும் அஞ்சல்தலை இருந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை. சின்ன வயதில் நான் கத்தரித்து எடுத்தவை அவை. தாளின் மேல் ஓரத்தில், கெட்டி மையில், தாய்மாமாவின் கையெழுத்தில் இரண்டு சொற்கள்: ‘புக் போஸ்ட்’.

அம்மா 1971ல் கல்யாணமாகி, கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றுக்கு வந்தவர். தோட்டத்தில் கோயில் இருந்தது, தமிழ்ப்பள்ளி இருந்தது. புத்தகக் கடை இல்லை. அம்மாவுக்கோ கதைப்புத்தகம் இல்லாமல் பொழுது போகாது. ஊரில் இருந்த அண்ணன்தான் அந்தக் குறையைத் தீர்த்தார்.

மாமா பள்ளி ஆசிரியர். கிராமத்துக் கிளை அஞ்சலகத்தையும் அவரே பார்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் ஊர் ஆசிரியர்கள் பலர் அப்படித்தான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரிடமிருந்து ஒரு பொட்டலம் கப்பலில் கிளம்பும். தோட்ட ஆபிசுக்கு வந்து சேரும்போது அட்டை ஓரம் மடங்கியிருக்கும், தாளில் உப்புக்காற்று வாசம் அடிக்கும். பொட்டலத்தின் இரண்டு முனைகளும் திறந்தே இருக்கும். நடுவில் மட்டும் சணல் கயிறு.

“ஏம்மா மாமா ஒட்டாம அனுப்பறாங்க?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“ஒட்டினா காசு கூட” என்றார் அம்மா.

அந்தப் பதிலின் முழுப் பொருளை நான் தேடிப் போனது இப்போதுதான். காரணம், மாமாவிடமிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு.

அவருக்கு இப்போது 84 வயது. “பாப்பா, எங்கிட்ட நாலு அலமாரி புத்தகம் இருக்கு. இங்க யாரும் தொடறதில்ல. உன் மக தமிழ் இலக்கியம் எடுத்திருக்காளாமே. எல்லாத்தையும் அனுப்பட்டுமா?” என்றார்.

அவருடைய மகன் அஞ்சலகத்தில் விசாரித்துவிட்டு வந்து ஒரு தொகையைச் சொன்னார். அந்தப் புத்தகங்களின் பின்னட்டைகளில் 8 ரூபாய், 12 ரூபாய் என்றுதான் விலை போட்டிருக்கும். எல்லா விலைகளையும் கூட்டினாலும் அந்தத் தொகை வராது.

ஆசிரியர் சம்பளத்தில் ஆண்டுக்கு நான்கைந்து பொட்டலம் கடல் தாண்டி அனுப்ப அன்று முடிந்தது. இன்று ஏன் முடியவில்லை? அந்தக் கேள்வியில்தான் நான் விதிகளைப் படிக்கத் தொடங்கினேன்.

அரசு ஏன் சலுகை கொடுத்தது?

எடைக்குத்தான் கட்டணம் என்றால் ஒரு கிலோ புத்தகமும் ஒரு கிலோ கடிதமும் ஒன்றுதான். இரண்டையும் சுமப்பதற்கு அஞ்சல் துறைக்கு ஆகும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. இருந்தும் பல நாடுகள் அச்சிட்டதற்குக் குறைந்த கட்டணம் வைத்தன.

அமெரிக்கா 1792ல் இயற்றிய அஞ்சல் சட்டத்தில் கடிதத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 6 காசிலிருந்து 25 காசு வரை கட்டணம். நாளிதழுக்கோ 100 மைல் வரை ஒரு காசு, அதற்கு மேல் ஒன்றரைக் காசு. கடிதம் எழுதும் வணிகர்கள் கட்டிய பணம், செய்தித்தாள் வாசிக்கும் குடியானவர்களுக்குக் கை கொடுத்தது. நாட்டு நடப்பு தெரிந்த மக்கள் இருந்தால்தான் புதிய குடியரசு நிலைக்கும் என்பது அன்றைய தலைவர்களின் கணக்கு.

பிரிட்டனில் 1848ல் ‘புக் போஸ்ட்’ வந்தது. ஒரு பவுண்டு எடையுள்ள நூலுக்கு 6 பென்னி. அதே எடையைக் கடிதமாக அனுப்பினால் 32 பென்னி ஆகும். அமெரிக்காவில் புத்தகத்துக்கென்று தனிக் கட்டணம் வர 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அதிபர் ரூசவெல்ட் ஒரு பவுண்டுக்கு ஒன்றரைக் காசு என அறிவித்தார். எவ்வளவு தூரமானாலும் அதே கட்டணம். அந்தச் சலுகை ‘மீடியா மெயில்’ என்ற பெயரில் இன்றும் தொடர்கிறது.

இந்த ஏற்பாடு எல்லை தாண்டவும் வழி பிறந்தது. 1874 அக்டோபர் 9ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையில்தான் இன்றைய அனைத்துலக அஞ்சல் ஒன்றியம் தொடங்கியது. கடிதம், அஞ்சலட்டை ஆகியவற்றோடு புத்தகம், செய்தித்தாள், பிற அச்சுத்தாள்கள் என்பவையும் அந்த முதல் உடன்படிக்கையிலேயே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. அக்டோபர் 9ஐ உலக அஞ்சல் தினமாக இன்று கொண்டாடுகிறோம்.

இந்தியா 1876ல் ஒன்றியத்தில் சேர்ந்தது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் அடுத்த ஆண்டு சேர்ந்தன. 1887ல் ‘சிங்கை நேசன்’ வார இதழ் இங்கே அச்சேறியபோது, அச்சுத்தாளுக்கான அந்த அனைத்துலக ஏற்பாடு ஏற்கெனவே நடப்பில் இருந்தது.

தாய்மொழி நூல் அச்சாகும் ஊர் ஒரு கரையிலும் அதை வாசிக்கும் குடும்பம் மறு கரையிலும் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை கூடுதலாகவே தெரியும். லண்டனில் ஆங்கில வாசகருக்குத் தெருமுனையில் கடை இருந்தது. பேராக் தோட்டத்தில் இருந்த என் அம்மாவுக்கு அஞ்சல் பைதான் கடை.

சலுகையின் மூன்று நிபந்தனைகள்

குறைந்த கட்டணம் சும்மா கிடைக்கவில்லை. அனுப்புபவர் மூன்று விஷயங்களை விட்டுக்கொடுக்க வேண்டும்.

முதலாவது, பொட்டலத்தை ஒட்டக்கூடாது. உள்ளே இருப்பதை அஞ்சலக ஊழியர் எளிதில் சோதித்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். மாமாவின் பொட்டலங்களில் முனைகள் திறந்திருந்த காரணம் இதுதான். தமிழ்நாட்டிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகைகளை நினைத்துப் பாருங்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மேல் மடிப்பை ஒட்டாமல் உள்ளே செருகி, உறையின் மேல் ‘புக் போஸ்ட்’ என்று அச்சிட்டிருப்பார்கள். கல்யாணப் பத்திரிகையும் அச்சுத்தாள் என்ற கணக்கில் சேர்ந்ததால் வந்த பழக்கம் அது.

இரண்டாவது, உள்ளே கடிதம் இருக்கக்கூடாது. ஒருவருக்கென்று தனிப்பட எழுதிய செய்தி இருந்தால் அது கடிதம். முழுக் கட்டணம் கட்ட வேண்டும்.

மூன்றாவது, அவசரப்படக்கூடாது. கடிதங்களுக்கு முதலிடம், அச்சுத்தாளுக்கு அடுத்த இடம். கடல்வழி, தரைவழி என்று கிடைத்த வழியில் போகும்.

இரண்டாவது நிபந்தனையில்தான் மக்கள் கைவரிசையைக் காட்டினார்கள். பிரிட்டனில் 1840க்கு முன் கடிதக் கட்டணம் மிக அதிகம். முத்திரை வரி கட்டிய செய்தித்தாளுக்கோ அஞ்சல் இலவசம். அதனால் பழைய செய்தித்தாளில் வேண்டிய எழுத்துகளின் மேல் ஊசியால் குத்தி, அந்த ஓட்டைகளைக் கூட்டி வாசித்தால் கடிதமாகும்படி அனுப்பியவர்கள் இருந்தார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு கதை உண்டு. ஒருமுறை மாமா வெளியூர் போயிருந்தபோது பாட்டியே பொட்டலம் கட்டச் சொல்லி அனுப்பிவிட்டார். நாவலின் நடுவே நான்கு பக்கக் கடிதம், ஒரு குங்குமப் பொட்டலம். பொட்டலம் தோட்டத்துக்கு வந்தபோது மேலே ‘டி’ என்ற எழுத்து முத்திரை குத்தியிருந்தது. கட்டணம் போதவில்லை என்பதற்கு உலக நாடுகள் எல்லாம் பயன்படுத்தும் அடையாளம் அது. பிரெஞ்சு மொழியில் கட்டணத்தைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து. அப்பா கிராணியிடம் காசு கட்டி வாங்கி வந்தார். புத்தகத்தின் பாதிப் பக்கங்கள் சிவந்திருந்தன. விஷயம் தெரிந்தபோது மாமாவுக்குக் கோபம் வந்ததாம். “போஸ்ட் ஆபிஸ் நடத்தறவன் வீட்லேருந்தே இப்படியா?” என்று பாட்டியிடம் கேட்டிருக்கிறார்.

ஐந்து சொல் வரை எழுதலாம்

விதியை மீறாத மாமா, அதற்குள் இருந்த ஒரு சின்ன வாசலைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

அச்சுத்தாளில் கையால் எதையும் எழுதக்கூடாது என்பது பொது விதி என்றாலும் அனைத்துலக அஞ்சல் விதிகள் சில விலக்குகளைத் தந்தன. அனுப்புபவர், பெறுபவர் பெயரும் முகவரியும் எழுதலாம். அச்சுப் பிழையைத் திருத்தலாம். சில சொற்களை அடிக்கோடிடலாம். நூலின் முதல் பக்கத்தில் அன்பளிப்பு வாசகம் எழுதலாம். நூலுக்கான விலைப்பட்டியலை உள்ளே வைக்கலாம். முகவரிச்சீட்டு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்து அட்டை போன்றவற்றில் வாழ்த்து, நன்றி, அனுதாபம் ஆகியவற்றை அதிகபட்சம் ஐந்து சொற்களில் எழுதலாம்.

ஐந்து சொல் என்று விதி வகுத்தவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆங்கிலத்தில் மூன்று சொல் கேட்கும் விஷயத்தை நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பது நமக்கு ஒரு சொல்தான்.

வாழ்த்து அட்டைக்கான இந்த அளவை மாமா புத்தகத்தின் அன்பளிப்புப் பக்கத்துக்கும் பொருத்திக்கொண்டார். ஒவ்வொரு நூலின் முதல் பக்கத்திலும் எண்ணி ஐந்து சொல். அம்மாவின் அலமாரியில் மிஞ்சியிருக்கும் புத்தகங்களைத் திறந்து பார்த்தேன். ‘தங்கைக்கு அன்புடன், ஊரில் நல்ல மழை.’ ‘பாட்டி நலம். பசு கன்று ஈன்றது.’ ஒரு நூலில் மட்டும், ‘பாட்டி போய்விட்டார். கடிதம் தனியாக வருகிறது.’ அந்தக் கடிதம் விமான அஞ்சலில் முன்னதாகவே வந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து நூல் வந்து சேர்ந்தபோது அம்மா மறுபடியும் அழுதார்.

கறாராகப் பார்த்தால் இவை அன்பளிப்பு வாசகங்கள் அல்ல, செய்திகள். எந்த ஊழியரும் பிடிக்கவில்லை. பிடித்தவர்களும் விட்டிருக்கலாம்.

முப்பது கிலோ மூட்டை

அனைத்துலக விதிகளில் நூலுக்கு இன்னொரு வசதியும் உண்டு. சாதாரண அச்சுத்தாள் பொட்டலத்துக்கு 2 கிலோ வரம்பு. உள்ளே இருப்பது நூல் என்றால் 5 கிலோ வரை போகலாம். அதற்கும் மேல் ஒரே முகவரிக்கு நிறைய நூல்கள் அனுப்ப வேண்டுமானால் ‘எம் பேக்’ என்ற தனி மூட்டை. ஒரு மூட்டையில் 30 கிலோ வரை. வெளிநாட்டில் படித்து முடித்த மாணவர்கள் தங்கள் நூல்களை ஊருக்கு அனுப்பியதும், நூலகங்கள் நன்கொடை நூல்களைப் பெற்றதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட மூட்டைகளில்தான்.

கப்பல் இருந்தவரை இதற்குப் பொருள் இருந்தது. அமெரிக்க அஞ்சல் துறை 2007 மே மாதம் வெளிநாடுகளுக்கான கடல்வழிச் சேவையை நிறுத்தியது. மூட்டை தொடர்ந்தது, ஆனால் விமானத்தில், விமானக் கட்டணத்தில். அங்கே படித்த என் தோழி ஒருத்தி, ஊர் திரும்பும்போது இரண்டு பெட்டி நூல்களை வாடகை வீட்டு வாசலில் ‘வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்’ என்று எழுதி வைத்துவிட்டு வந்தாள்.

சலுகை எதுவும் ஒரே நாளில் மறைவதில்லை. கடிதங்கள் குறைகின்றன. ஆனால் அஞ்சல்காரர் ஏறி இறங்க வேண்டிய வீடுகள் குறையவில்லை. கடிதம் கட்டிய பணத்தில் நூலைச் சுமந்த பழைய கணக்கு, கடிதமே இல்லாதபோது உதைக்கிறது. சிங்கப்பூரில் 2023 அக்டோபரில் உள்நாட்டுச் சாதாரணக் கடிதக் கட்டணம் 31 காசிலிருந்து 51 காசுக்கு உயர்ந்தது நினைவிருக்கலாம். டென்மார்க்கின் அரசாங்க அஞ்சல் நிறுவனம் 1624 முதல் செய்துவந்த கடிதப் பட்டுவாடாவை 2025 இறுதியோடு நிறுத்திக்கொண்டது.

இந்தியாவில் போனதும் வந்ததும்

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ளது இந்தியாவின் கதை. தமிழ் நூல்களில் பெரும்பகுதி அச்சாவது அங்கேதானே.

இந்திய அஞ்சல் துறையில் அச்சிட்ட நூல்களுக்கு 100 கிராமுக்கு ஒரு ரூபாய் என்ற கட்டணம் நெடுங்காலம் இருந்தது. பதிவுக் கட்டணம் 17 ரூபாயும் வரியும் சேர்த்தாலும் ஒரு கிலோ நூலைப் பதிவு அஞ்சலில் ஏறக்குறைய 32 ரூபாய்க்கு, 5 கிலோவை ஏறக்குறைய 80 ரூபாய்க்கு நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்பலாம். சிறு பதிப்பகங்கள் பல இந்தக் கட்டணத்தை நம்பித்தான் இயங்கின. கடைக்காரருக்குக் கழிவு கொடுக்காமல் வாசகருக்கு நேராக நூல் அனுப்ப அது வழி செய்தது.

2024 டிசம்பரில் இந்தச் சேவை முன்னறிவிப்பின்றி நிறுத்தப்பட்டது. அஞ்சலகம் போன பதிப்பாளர்களிடம் இனி நூலும் மற்றப் பொருள்களைப் போல் பார்சல்தான் என்று சொல்லப்பட்டது. செலவு இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. 150 ரூபாய் நாவலை வாங்குபவர் அதில் பாதியை அஞ்சலுக்குக் கொடுப்பாரா? பதிப்பாளர்களும் வாசகர்களும் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள்.

2025 மே முதல் தேதி ‘ஞான் போஸ்ட்’ என்ற பெயரில் சலுகை திரும்பி வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. பழைய கட்டணத்தைவிடச் சற்றுக் கூடுதல் என்றாலும் பார்சலைவிட மிகக் குறைவு. பொட்டலம் எங்கே இருக்கிறது என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளும் வசதியும் உண்டு. கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த அச்சு நூல்களுக்கு இது பொருந்தும். நூலில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். பருவ இதழ்கள் சேராது. வணிக விளம்பரம் இருக்கக்கூடாது. தனிப்பட்ட கடிதமும் கூடாது. தரைவழியாகத்தான் போகும். பழைய நிபந்தனைகளில் சில இன்னும் நிற்பதைக் கவனித்தீர்களா?

எங்களுக்கு இருந்த சிக்கல் ஒன்றுதான். ஞான் போஸ்ட் இந்தியாவுக்குள் மட்டும். கும்பகோணத்திலிருந்து காஷ்மீர் போகலாம், ஈசூனுக்கு வர முடியாது.

நாங்கள் என்ன செய்தோம்

மாமாவின் மகனும் நானும் ஒரு மாலை காணொளி அழைப்பில் உட்கார்ந்தோம். அவர் ஒவ்வொரு தட்டாகக் கைப்பேசியைக் காட்ட, என் மகள் குறித்துக்கொண்டாள். கல்கி, தி. ஜானகிராமன், ஜெயகாந்தன், ராஜம் கிருஷ்ணன், நா. பார்த்தசாரதி. பல நூல்கள் இங்கே தேசிய நூலக வாரியத்தின் கிளைகளிலேயே இருப்பதைத் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்தோம். இங்கே கிடைக்காதவை, அம்மா மறுபடி கேட்டவை என்று கடைசியில் 14 நூல்கள் நின்றன. தீபாவளிக்கு வரும் உறவினர் ஒருவர் தம் பெட்டியில் 5 கிலோ இடம் தர ஒப்புக்கொண்டார்.

மற்றவை? மாமா தாம் வேலை பார்த்த பள்ளிக்குக் கொஞ்சம் கொடுத்தார். மதுரையில் இருக்கும் இன்னொரு பேத்திக்கும், தமிழ் படிக்கும் பழைய மாணவரின் மகனுக்கும் ஐந்தைந்து கிலோவாகக் கட்டி ஞான் போஸ்டில் அனுப்பச் சொன்னார். கட்டும்போது தாமே மேற்பார்வை. “முனை மடங்கக் கூடாது, அட்டை வை” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

அனுப்ப நினைக்கும் குடும்பங்களுக்கு எங்கள் அனுபவத்தில் சில குறிப்புகள்:

• வீட்டுத் தராசில் முதலில் எடை போடுங்கள். கட்டணம் படிப்படியாக ஏறும். எல்லையைச் சில கிராம் தாண்டினாலும் அடுத்த படிக் கட்டணம்தான். உறையின் எடையும் சேரும். சாதாரண நாவல் ஒன்று 300 கிராம் அளவில் இருக்கும்.

• நூலோடு வேறு எதையும் வைக்காதீர்கள். ஒரு மிட்டாய்ப் பொட்டலம் போதும், அது அச்சுத்தாள் என்ற தகுதியை இழந்துவிடும். கடிதத்தைத் தனியாக அனுப்புங்கள்.

• கவுண்டரில் வெறுமனே ‘பார்சல்’ என்று சொன்னால் பார்சல் கட்டணமே சொல்வார்கள். ‘பிரிண்டட் பேப்பர்ஸ்’ கட்டணம் அந்த நாட்டுக்கு உண்டா, தரைவழி உண்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சேவைகள் நாட்டுக்கு நாடு மாறும், அடிக்கடியும் மாறும்.

• சுங்கப் படிவத்தில் ‘பழைய நூல்கள்’, எண்ணிக்கை, நியாயமான மதிப்பு ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். 2021 முதல் பொருள் அடங்கிய அனைத்துலகப் பொட்டலங்களுக்கு விவரங்களை மின்னணு முறையில் முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்பதால், கையால் அரைகுறையாக எழுதினால் திரும்பி வரும்.

• வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் சிங்கப்பூர் வரும் பொட்டலத்தின் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டாவிட்டால், இங்கே இறக்குமதிக்கான பொருள் சேவை வரி இல்லை. ஆனால் இங்கே பதிவுசெய்த பெரிய இணையக் கடைகளில் வாங்கினால், 2023 முதல், வாங்கும்போதே வரி சேர்க்கப்படும். இப்போது அது 9 விழுக்காடு.

• நூல்களை நெகிழித்தாளில் சுற்றிவிட்டு அட்டை வைத்துக் கட்டுங்கள். முகவரியை வெளியே மட்டுமின்றி உள்ளேயும் ஒரு தாளில் வையுங்கள். வெளியுறை கிழிந்தாலும் நூல் வீடு வந்து சேரும்.

• பார்வையற்றோருக்கான பிரெயில் நூல்களுக்கு அனைத்துலக விதிப்படி 7 கிலோ வரை அஞ்சல் கட்டணமே இல்லை. விமானத்தில் அனுப்பினால் அதற்கான கூடுதல் தொகை கேட்கப்படலாம். தகுதியுள்ள குடும்பங்கள் கேட்டுப் பெற வேண்டிய சலுகை இது.

ஒரே ஒரு பொட்டலம்

14 நூல்கள் பெட்டியில் வரும் என்று முடிவான பிறகும் மாமா ஒன்றை மட்டும் அஞ்சலில்தான் அனுப்புவேன் என்று பிடிவாதம் பிடித்தார். நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’. அம்மாவுக்கு மிகவும் பிடித்த கதை. அதன் நாயகி பூரணியின் பெயரைத்தான் எனக்கு வைக்க நினைத்தாராம்; அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தை விட்டு வரும்போது எங்கோ தொலைந்துபோன நூல்.

“மாமா, நூலைவிட அஞ்சல் கட்டணம் அதிகம். பெட்டியிலேயே வரட்டுமே” என்றேன்.

“தெரியும் பாப்பா. முப்பது வருஷம் மத்தவங்க பொட்டலத்துக்கு முத்திரை குத்தினவன் நான். கடைசியா ஒண்ணு என் தங்கச்சிக்குக் குத்தி அனுப்பறேன்” என்றார்.

மூன்று வாரத்தில் வந்தது. கப்பல் இல்லை, சணல் கயிறு இல்லை; ஒட்டுநாடா சுற்றிய அட்டைப்பெட்டி, பட்டைக்குறி, சுங்கப் படிவம். அம்மாவுக்கு இப்போது கண் பார்வை மங்கிவிட்டது. எழுத்தைக் கூட்டி வாசிக்க முடியாது. நூலை முகர்ந்து பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். மகள்தான் முதல் பக்கத்தைத் திறந்தாள். கை நடுக்கத்தோடு மாமா எழுதியிருந்தார்:

‘பாட்டியிடம் வாசித்துக் காட்டு. பதில் போடு.’

அம்மா விரல் மடக்கி எண்ணினார். ஐந்து.

அன்று இரவிலிருந்து தினமும் இரண்டு பக்கம் வாசிக்கிறார்கள். பழைய சொற்களுக்கு மகள் பொருள் கேட்கிறாள், அம்மா சொல்கிறார். சில இடங்களில் அடுத்த வரியை அம்மாவே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்.

பதில் எழுத மகள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். “தாத்தாவுக்கு நானும் அஞ்சு சொல்தான் எழுதணுமா?” என்று கேட்டாள்.

“அது புத்தகத்துக்கு. நீ எழுதறது கடிதம்” என்றார் அம்மா. “முழுக் காசும் கட்டிடலாம். எவ்வளவு வேணும்னாலும் எழுது. எழுதிட்டு உறையை நல்லா ஒட்டு.”